ஏற்காடு இறங்குவதற்கு முன்: பிரேக், ஸ்டியரிங், டயர்

அக்கா மகன் பழைய கார் ஒன்று வாங்கினான். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கோவிலுக்குப் போய், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்துவிட்டு நேராக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "மாமா, ஞாயித்துக்கிழமை ஏற்காடு போலாமா? நானே ஓட்டறேன்."

போகலாம், அதற்கு முன் இரண்டு சனிக்கிழமை எனக்குக் கொடு என்றேன். அந்த இரண்டு நாளில் அவனுக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச் விடவும் ரிவர்ஸ் எடுக்கவும் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கவும் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். ஓடுகிற வண்டி எப்படி நிற்கிறது, எப்படித் திரும்புகிறது என்று யாரும் சொல்வதில்லை.

பிரேக் மிதித்தால் பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டும். வண்டியை நிறுத்துவது டயர். ஸ்டியரிங்கும் அப்படித்தான். முன்சக்கரத்தின் முகத்தைத் திருப்பிவைப்பதோடு அதன் வேலை முடிந்தது, வண்டியை அந்தப் பக்கம் இழுத்துப் போவது டயர். டயர் ரோட்டில் படுகிற இடமோ ஒரு சக்கரத்துக்கு உள்ளங்கை அகலம்தான், கிட்டத்தட்ட அந்த எலுமிச்சம்பழம் நசுங்கிய இடம். ஒரு டன்னுக்கும் மேற்பட்ட வண்டி அந்த நான்கு உள்ளங்கையை நம்பித்தான் ஓடுகிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிடிப்பு ஒரே சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு முழுதையும் செலவு பண்ணிவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. வளைவில் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது பதறிப்போய் பிரேக்கை அமுக்கினால் வண்டி திரும்பாமல் நேராகப் போவதற்குக் காரணம் இதுதான். வேகத்தை நேரான ரோட்டிலேயே குறை, அப்புறம் திருப்பு. இந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் ஞாபகத்தில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்.

முதல் வேலை: குத்தவைத்து உட்கார்ந்து டயரைப் பாருங்கள்

மருமகனின் வண்டி 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. "டயர் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு மாமா, பட்டன் அப்படியே நிக்குது" என்றான். பட்டன், அதாவது டயர் மேல் நிற்கிற ரப்பர் கட்டங்கள், நின்றது உண்மைதான். டயரின் பக்கவாட்டில் செல்போன் டார்ச்சை அடித்துத் தேடச் சொன்னேன். டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். அங்கே 1116 என்று இருந்தது. 2016-ஆம் வருடத்தின் 11-ஆவது வாரம்.

அதிகம் ஓடாமல் வெயிலில் நின்ற வண்டியில் இதுதான் ஆபத்து. ரப்பர் தேயாமலே கிழடாகிவிடும். விரலால் பக்கவாட்டை அழுத்தி வளைத்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் தெரியும், காய்ந்த ஏரி மண் மாதிரி. ஐந்து வயதுக்கு மேல் வருடம் ஒருமுறை டயர் கடையில் காட்டுங்கள். பத்து வயதான டயரைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். விற்றவர் இதைச் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. நான்கு டயருக்கும் அன்றைக்கே செலவு வந்தது. வாங்கும்போதே பார்த்திருந்தால் விலையில் குறைத்துப் பேசியிருக்கலாம்.

தேய்மானம் பார்க்கக் கருவி வேண்டாம். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று பக்கவாட்டில் ஒரு முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்தோ காட்டும். மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமாகிவிட்டால் சட்டப்படியே அந்த டயர் செத்துவிட்டது. புது டயரில் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். நான் 3 மில்லிமீட்டர் வந்ததுமே, ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுவேன். பள்ளம் இருப்பது தண்ணீரை வெளியேற்றத்தான், காய்ந்த ரோட்டில் அதன் அருமை தெரியாது.

டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதும் ஒரு கதை சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கிற கோணம், போய்விட்டது. பக்கவாட்டில் கொப்புளம் மாதிரிப் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. பள்ளத்தில் வேகமாக இறங்கிய அடி அது. அந்த டயரில் பஞ்சர் கடை வரைகூட நிதானமாகத்தான் போக வேண்டும்.

இரண்டு டயர் மாற்றத்தான் பணம் இருக்கிறது என்றால் புது டயரைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் சண்டைக்கு வருவார், "முன்வீல் டிரைவ் வண்டி சார், முன்னாடிதான் போடணும்" என்பார். முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். பின்டயர் வழுக்கினால் வண்டி பம்பரம் மாதிரிச் சுற்றும். புதிதாக ஓட்டுகிறவரால் அதை மீட்க முடியாது.

காற்று: எவ்வளவு வைக்கட்டும் சார்?

பங்க்கில் காற்று அடிக்கிறவர் இந்தக் கேள்வி கேட்கும்போது பாதிப் பேர் "35 வச்சிருங்க" என்கிறார்கள். ஏன் 35 என்று தெரியாது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, இரண்டு பேர் போனால் எவ்வளவு, ஆள் நிறைந்து சாமான் ஏற்றினால் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. டயரின் மேலேயே அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம். அதை வைத்து அடிக்கக் கூடாது.

இவன் வண்டிக்கு ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ. புது டயர் போடுவதற்கு முன் அளந்தபோது ஒரு சக்கரத்தில் 24, இன்னொன்றில் 26, மற்ற இரண்டிலும் 30-ஐ ஒட்டி. பார்வைக்கு நான்கும் ஒரே மாதிரிதான் இருந்தன. காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரியும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் எப்படிச் சூடாகுமோ அப்படிச் சூடாகும். சித்திரை வெயிலில் பைபாஸில் டயர் வெடிப்பது பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான். காற்று அதிகமாகி வெடித்தது என்று நினைத்துக்கொண்டு வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நேர் எதிரான வைத்தியம்.

டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதை இறக்கிவிடாதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுகிற சின்ன பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் காலையில் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அடித்தால் தப்பில்லை, அடிக்காவிட்டால் நஷ்டமும் இல்லை.

பிரேக்: நிற்கிற வண்டியில் இரண்டு நிமிடம்

பானெட்டைத் திறங்கள். டிரைவர் பக்கம் பின்மூலையில் கலங்கலான வெள்ளை டப்பா ஒன்று இருக்கும், மூடியில் பிரேக் ஆயில் வகை எழுதியிருக்கும். டாட் 3 அல்லது டாட் 4. அளவு குறைந்தபட்சம் காட்டும் 'மின்' (MIN) கோட்டுக்கும் அதிகபட்சம் காட்டும் 'மேக்ஸ்' (MAX) கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். புது ஆயில் லேசான தேன் நிறம். காபி டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறியது 140 வரை தாங்கினாலே போதும் என்றுதான் தரவிதியே சொல்கிறது. மலை இறக்கத்தில் பிரேக் எவ்வளவு சூடாகும் என்று பின்னால் வருகிறேன், அப்போது இந்த வித்தியாசம் புரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும்.

அளவு குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போய்விடாதீர்கள். பேட் (சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கிற கட்டை) தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு, ஆகவே முதலில் பேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட் தேயாமலே இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. பிரேக் ஆயில் டப்பாவில் வேறு எந்த ஆயிலையும் ஊற்றக் கூடாது, ஒரு சொட்டுகூட. உள்ளே ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

அடுத்தது பூஸ்டர். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது பிரேக்கை நான்கைந்து முறை மிதித்துப் பார்க்கச் சொன்னேன். "கல்லு மாதிரி ஆயிடுச்சு மாமா!" அப்படித்தான் ஆக வேண்டும். அந்தக் கல்லை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய் என்றேன். பெடல் காலுக்கடியில் ஓர் அங்குலம் இறங்கியது. பூஸ்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நம் கால் பலத்தைப் பெருக்கிக் கொடுப்பது இந்தப் பூஸ்டர்தான். பெரும்பாலான கார்களில் அது இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். ஓடுகிற வண்டியில் இன்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்கு மிச்சச் சக்தி இருக்கும், அதற்கப்புறம் நீங்கள் மிதித்துப் பார்த்த அந்தக் கல்தான். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் பண்ணிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு இதை உட்காரவைத்துச் செய்து காட்டுங்கள், சொல்லிப் புரியாது.

கடைசியாக, பெடலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். இவன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் உருண்டு வந்தது. இறக்கத்தில் அது முன்னால் உருண்டு பிரேக் பெடலுக்குப் பின்னால் போய்ச் செருகினால் பிரேக் இறங்காது. நழுவுகிற மேட், பின்வார் இல்லாத செருப்பு இரண்டும் இதே ஜாதி. செருப்பைக் கழற்றினால் அதைப் பின்சீட்டில் போடுங்கள், காலடியில் வேண்டாம்.

விற்காத லேஅவுட்டில் ஒரு மணி நேரம்

ஊருக்கு வெளியே பிளாட் போட்டு, தார் ரோடும் போட்டு, யாரும் வீடு கட்டாமல் கிடக்கிற லேஅவுட் எல்லா ஊரிலும் உண்டு. முள்கம்பி இல்லாத ஒன்றாகப் பார்த்து, ஆடு மாடு இல்லாத நேரமாகப் போனோம். பின்னால் யாரும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், பிரேக்கை உடைத்துவிடுகிற மாதிரி மிதிக்கச் சொன்னேன்.

முதல் தடவை மிதித்த உடனே காலை எடுத்துவிட்டான். "என்னமோ உடையற மாதிரி டகடகன்னு உதைக்குது மாமா." அதுதான் ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாமல் இருக்க, பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அந்த உதையைக் கேட்டுக் காலைத் தளர்த்துகிறவர்கள்தான் பாதிப் பேர். தளர்த்தக் கூடாது, கிளட்ச்சையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு கடைசி வரை மிதித்தே இருக்க வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து விற்கிற புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம், அதற்கு முந்தைய வண்டி வாங்கினால் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாத வண்டியில் சக்கரம் கிறீச்சென்று இழுபட ஆரம்பித்தால் ஒரு கணம் காலைத் தளர்த்தி மறுபடி மிதிக்க வேண்டும். இழுபடுகிற சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது.

நான்காவது முறை, வழியில் ஒரு காலி சிமென்ட் சாக்கைப் போட்டு, முழு பிரேக்கில் அதை விலகிப் போகச் சொன்னேன். விலகினான். ஏபிஎஸ் கொடுக்கிற பெரிய வரம் இதுதான். நிற்கும் தூரத்தைக் குறைக்கிறதோ இல்லையோ, மிதித்துக்கொண்டே திருப்பவிடும். மணலும் ஜல்லியும் கிடக்கிற இடத்தில் நிற்கும் தூரம் கூடக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

தூரக் கணக்கையும் அங்கேயே அடிவைத்து அளந்தோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அப்புறம் காய்ந்த நல்ல ரோட்டில் நிற்கச் சுமார் 9 மீட்டர். ஆக 20 மீட்டர், ஐந்து கார் நீளம். 80-ல் நினைப்பதற்கே 22 மீட்டர் ஓடிவிடும், நிற்க 36 மீட்டர் வேண்டும். ஆக 58 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. ஈர ரோட்டில் அந்த 36 என்பது 60-ஐத் தாண்டிவிடும். முன்வண்டி ஒரு மைல்கல்லைக் கடந்ததும் "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லுக்கு வந்துவிட்டால் ஒட்டிப் போகிறீர்கள். மழையில் ஆயிரத்து நாலு வரை.

டேஷ்போர்டில் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் மட்டும் இல்லை, மெதுவாக மெக்கானிக்கிடம் போகலாம். சிவப்பு நிற ஆச்சரியக்குறி எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கை விட்டீர்களா என்று பாருங்கள். விட்டும் எரிந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

ஸ்டியரிங்

இதில் சொல்ல அதிகம் இல்லை, பழக்கம்தான். சீட்டில் முதுகு படிந்து உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். பிரேக்கை அடிவரை அமுக்கினாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். பன்னிரண்டு மணியில் ஒற்றைக் கையைப் போட்டு ஓட்டுவது பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஏர்பேக் விரிந்தால் அந்தக் கை நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்காதீர்கள், வண்டி ஒரு சாண் நகர்ந்தால்கூடப் போதும். நின்ற இடத்திலேயே ஒடித்தால் எலுமிச்சம்பழம் வைத்த இடம் ரோட்டில் அரைபடுகிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள், அப்புறம் அலைன்மென்ட். 80-ஐ ஒட்டி ஸ்டியரிங் நடுங்கினால் சக்கரத்தின் எடையைச் சமன்செய்கிற பேலன்சிங் பார்க்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் சமமாக இல்லை.

கண் எங்கே போகிறதோ கை அங்கே திருப்பும். வளைவில் பள்ளத்தையோ எதிர்வண்டியின் முகப்பையோ பார்க்காமல், நீங்கள் போய்ச் சேர வேண்டிய ரோட்டைப் பாருங்கள். மருமகனுக்கு இது வரவே இரண்டு மணி நேரம் ஆனது.

வரக்கூடாதது வந்தால்

டயர் வெடித்தால் பிரேக்கைத் தொடாதீர்கள். சத்தம் கேட்டவுடன் கால் தானாகப் பிரேக்குக்குத்தான் போகும், அதை அடக்குவதுதான் கஷ்டம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கி நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாக இறங்கிய பிறகு ஓரம் கட்டுங்கள்.

தேங்கிய தண்ணீரில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகி, பஞ்சு மாதிரி ஆனால் டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது என்று அர்த்தம். அப்போதும் அதேதான், ஆக்சிலரேட்டரை விடுங்கள், திருப்பாதீர்கள், மிதிக்காதீர்கள். தண்ணீரைத் தாண்டிய பிறகு பிரேக்கை லேசாக இரண்டு மூன்று முறை மிதித்து உலர்த்திக்கொள்ளுங்கள். கோடைக்குப் பிறகு வருகிற முதல் மழையின் முதல் அரை மணி நேரம் ரோட்டுத் தூசியும் ஆயிலும் குழைந்து சோப்பு போட்ட தரை மாதிரி இருக்கும். அந்த நேரம் டீக்கடையில் உட்காருவது உத்தமம்.

பிரேக் பிடிக்கவில்லையா? விட்டு விட்டு வேகமாக மிதித்துப் பாருங்கள், சில சமயம் அழுத்தம் திரும்பும். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுற்றும், பட்டனை அமுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். மலையில் வேறு வழியே இல்லையென்றால் பள்ளத்துப் பக்கம் இல்லை, மலைச் சுவர்ப் பக்கம் உரசவிடுங்கள். தகரம் போனால் போகிறது.

இருபது வளைவு

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஏறுவது சுலபம், இரண்டாவது கியர், சில இடத்தில் முதல் கியர். வளைவில் பஸ் இறங்குவதைக் கண்டால் வளைவுக்கு முன்பே நின்றுகொள்ளுங்கள், அதற்கு ரோடு முழுவதும் வேண்டும். மற்றபடி, குறுகலான மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். உள்பக்கமாகத் திரும்பும்போது ஓரத்தை ஒட்டி ஒடித்தால் முன்சக்கரம் தப்பித்து, பின்சக்கரம் சாக்கடையில் இறங்கும். சற்று விலகி வந்து திருப்ப வேண்டும்.

மலை பிரேக்கைப் பரீட்சை செய்வது இறங்கும்போதுதான். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது லாரிக்காரர்களின் பழைய கணக்கு, இன்றைக்கும் அதுதான் சரி. இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சத்தம் உறுமும். அது வலியால் கத்துவது இல்லை, வேலை செய்கிற சத்தம். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் போவது நின்றேவிடும், நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் மேனுவல் மோடுக்கோ 'எல்'லுக்கோ மாற்றுங்கள். மின்சாரக் கார் என்றால் ரீஜென்னை, அதாவது வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பி வேகத்தைக் குறைக்கிற வசதியை, உச்சத்தில் வையுங்கள். ஆனால் மலை மேலேயே பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள், நிறைந்த பேட்டரிக்கு ரீஜென்னை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது.

பிரேக்கை வளைவுக்கு முன் நேரான துண்டில், அழுத்தமாக, கொஞ்ச நேரம் மிதித்துவிட்டுக் காலை முழுசாக எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க்கும் டிரம்மும் ஆறும். மென்மையாக ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு காலை லேசாகப் பெடல் மேலேயே வைத்திருப்பதுதான் கொலைகாரப் பழக்கம். அதேபோல, பிரேக்குக்கு முன்னால் கிளட்ச்சை அமுக்குகிற வழக்கத்தை மலையில் விட்டுவிட வேண்டும். கிளட்ச் உள்ளே போனால் இன்ஜின் பிடி விட்டுப்போகும்.

பதினான்காவது வளைவு தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு கார். "அந்த வண்டி பிரேக் லைட்டைப் பாரு" என்றேன். அணையவே இல்லை. அடுத்த இரண்டு வளைவுக்குள் ஜன்னல் வழியே வாடை வந்துவிட்டது, பழைய ரப்பர் செருப்பைத் தணலில் போட்ட மாதிரி ஒரு காந்தல். கொஞ்சம் கீழே அந்தக் கார் ஓரமாக நின்றிருந்தது. முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. ஓட்டி வந்தவர் தண்ணீர் கேனைக் கையில் எடுத்துவிட்டார். மருமகன் வண்டியை நிறுத்துவதற்குள் நான் இறங்கி ஓடி, "ஊத்தாதீங்க சார்" என்று தடுக்க வேண்டியதாயிற்று. கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம்.

அவருக்குப் பெடல் கல்லாகத்தான் இருந்தது, ஆனால் வண்டி நிற்க மறுத்ததாம். அது பேட் சூடேறிப் பிடிப்பு இழந்தது. இன்னொரு வகை இதைவிட மோசம். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரையைத் தொடும், ஒன்றும் நடக்காது. டிகாஷன் நிற ஆயிலைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். இரண்டுக்கும் முதல் மருந்து அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் தானாக ஆறவிடுவது. ஆறிய பிறகும் பெடல் தொளதொளவென்று இருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அங்கேயே வரவழைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்க வேண்டாம். இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியரிலும் ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியரிலும் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ரோட்டில் விட்ட கல்லில் இரவில் யாராவது பைக்கில் வந்து விழுவார்கள்.

அவரோடு பேசிக்கொண்டு நின்றுவிட்டு, மீதி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே இறங்கினான். அடிவாரத்தில் டீக்கடை முன் நிறுத்தியதும் புறங்கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோய் அனல் பார்த்தான். தொடவில்லை, தொட்டால் கொப்புளித்துவிடும் என்று சொல்லியிருந்தேன். நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டீயை வாங்கிக்கொண்டு வந்து கேட்டான்: "மாமா, எல்லாத்துக்கும் காத்து பாத்தோமே, ஸ்டெப்னிக்குப் பாத்தமா?"

பார்க்கவில்லை. டிக்கியைத் திறந்து பாயைத் தூக்கினால் 2016 டயர் ஒன்று படுத்திருந்தது. அளந்தோம், 12 பிஎஸ்ஐ. ஸ்டெப்னி என்கிற பெயரே வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் 1904-ல் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற டேவிஸ் சகோதரர்களின் கடை இருந்த ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது என்று அவனுக்குச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே பம்ப்பை எடுத்து மாட்டினான். மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக வை, அடுத்த முறையும் மறந்துதான் போவோம் என்றேன்.